மூன்று பெட்டியும் ஒரு டெட்-எண்டும்

கணினியில் ஸ்டாக் என்ற தரவுக் கட்டமைப்பை விளக்கச் சொன்னால் யாரைக் கேட்டாலும் தட்டு அடுக்கைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அந்த உவமையில் என்றைக்கும் மனம் ஒட்டியதில்லை. அது ஆங்கிலப் பாடநூல்களின் கேண்டீனில் வளர்ந்தது. அங்கே ஒரு குழிக்குள் ஸ்பிரிங் மேல் தட்டுகள் அமர்ந்திருக்கும். மேல் தட்டை எடுத்தால் அடுத்தது எழும்பி வரும், அடித்தட்டைத் தொட வழியே கிடையாது. எங்கள் சென்னை மண்ணூர்பேட்டையில் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் சுவரில் எவர்சில்வர் ஸ்டாண்ட் இருக்கும், தட்டுகள் அதில் செங்குத்தாகச் சொருகி நிற்கும். மூன்றாவது தட்டு வேண்டுமென்றால் நேராக மூன்றாவதை உருவலாம். அது ஸ்டாக்கே இல்லை, அசல் அரே. அந்த வீட்டு அம்மாவிடம் போய் "தட்டு அடுக்கின மாதிரி" என்று சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார். அவர் மனதில் ஓடும் படம் வேறு.

அப்படியே குவியலாக அடுக்கினாலும் அந்த உவமை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கடைசியில் வைத்தது முதலில் வரும், சரி. அடுத்து? கேட்பவருக்குக் கேட்க ஒன்றுமில்லை, சொல்பவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கம் என்பது கேட்பவரின் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தரவுக் கட்டமைப்புகளைக் கணினி தெரியாதவர்களுக்குச் சொல்ல இதுவரை வந்த விளக்கங்களில் எனக்கு முதலிடத்தில் நிற்பது ஒன்றுதான்: ரயில்வே யார்டின் கிளைத்தடம்.

கணினி அறிவியலர் டொனால்டு கனூத் 1968-இல் கொண்டுவந்த பெருநூலின் முதல் தொகுதி, இரண்டாம் அத்தியாயம். ஸ்டாக் பற்றிய பகுதியில் ஒரு சின்னப் படம். ஒரு நேர்த்தடம், அதிலிருந்து பிரிந்து முட்டி நிற்கும் ஒரு கிளைத்தடம். அவ்வளவுதான். அந்தப் படத்தின் மூல யோசனை டைக்ஸ்ட்ராவுடையது என்று கனூத் அங்கேயே சொல்லிவிடுகிறார். டைக்ஸ்ட்ரா 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் சோனவெல்டுடன் சேர்ந்து ஆல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் எழுதியவர். அந்த வேலையின் நடுவே கணக்குக் கோவைகளைப் பிரித்து அடுக்க அவர் கண்டுபிடித்த முறைக்கு இன்றைக்கும் 'ஷண்டிங் யார்டு' என்றே பெயர். 1961-ஆம் ஆண்டு அறிக்கையில் அதை எழுதிவைத்தார். தன் தொழிலுக்குள் இருக்கும் கடினமான ஒன்றைத் தனக்கே புரியவைத்துக்கொள்ள ரயிலடிக்குப் போன மனிதர் அவர். பிறருக்காகச் செய்த அலங்காரம் அதில் இல்லை. அந்த விளக்கத்தின் வலு அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி.

படத்தின் உயிர், அது உடனே எழுப்பும் கேள்வியில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட மூன்று பெட்டிகள் அந்த வரிசையில் வருகின்றன. எந்தப் பெட்டியையும் நேரே அனுப்பலாம், அல்லது அந்தக் கிளைத்தடத்தில், அதாவது டெட்-எண்டில், தள்ளிவைத்துப் பிறகு எடுக்கலாம். வெளியே போகும்போது எந்தெந்த வரிசை கிடைக்கும்? மூன்று பெட்டிக்கு மொத்தம் ஆறு வரிசைகள் உண்டு. ஐந்து கிடைக்கும். ஒன்று மட்டும் கிடைக்கவே கிடைக்காது.

எங்கள் பக்கத்தில் ரயில் அன்னியச் சங்கதி இல்லை. வடக்கே கொரட்டூர், பட்டரவாக்கம் நிலையங்கள், மேற்கே போனால் அண்ணனூர் பணிமனை, கிழக்கே வில்லிவாக்கம் தாண்டினால் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஒருநாள் டீக்கடை பெஞ்சில் செய்தித்தாள் ஓரத்தில் படம் போட்டுக் காட்டிக் கேட்டேன்.

"அண்ணே, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பெட்டி வருது. டெட்-எண்டு ஒண்ணே ஒண்ணு. வெளிய போறப்போ மூணு, ஒண்ணு, ரெண்டுன்னு போகணும். முடியுமா?"

அவர் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "மூணு மொதல்ல போவணும்னா ஒண்ணும் ரெண்டும் உள்ள நிக்கணும். வாய்ல நிக்கிறது ரெண்டு. அது நவுறாம ஒண்ணு எப்படிப்பா வரும்? கிரேன் வெச்சித்தான் தூக்கணும்." ஒரு வாய் டீ குடித்துவிட்டுச் சேர்த்தார்: "இன்னொரு டெட்-எண்டு குடு. போட்டுக் காட்டுறேன்."

ஸ்டாக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அந்த முதல் பதிலில் இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமானால் வாயில் இருப்பதை நகர்த்தியாக வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. இரண்டாவது பேச்சு அதற்கும் ஒரு படி மேலே. இன்னொரு தடம் கிடைத்தால் ஒன்றை அதிலும் இரண்டை இதிலும் நிறுத்தி, மூன்றை நேரே விட்டு, பிறகு ஒன்றையும் இரண்டையும் எடுக்கலாம். ஸ்டாக்குகளையும் க்யூக்களையும் இப்படி வலைபோலச் சேர்த்தால் எதையெல்லாம் வரிசைப்படுத்த முடியும் என்பது ராபர்ட் டார்ஜன் 1972-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பொருள். கேட்பவரை ஆராய்ச்சியாளரின் வாசல்வரை தானாக நடக்கவைக்கும் விளக்கம் வேறெது?

பெட்டிகளைக் கூட்டிப் பாருங்கள். நான்கு பெட்டிக்கு 24 வரிசைகள், கிடைப்பவை 14. ஐந்துக்கு 120, கிடைப்பவை 42. பத்துப் பெட்டிக்கு 36,28,800 வரிசைகள் உண்டு, ஒற்றை டெட்-எண்ட் தருவது 16,796. அரை சதவீதம்கூட இல்லை. இந்த 1, 2, 5, 14, 42 தொடருக்கு 1838-இல் இதை ஆராய்ந்த பெல்ஜியக் கணிதர் காட்டலான் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பே ஆய்லர், பலகோணத்தை முக்கோணங்களாக வெட்டும் வழிகளை எண்ணும்போது இதே எண்களைச் சந்தித்திருக்கிறார். மூன்று கணுக்களை வைத்து எத்தனை பைனரி ட்ரீ வரையலாம் என்று எண்ணினாலும் ஐந்துதான் வரும், நான்குக்குப் பதினான்கு. யார்டில் பெட்டி தள்ளுவதற்கும் மரம் வரைவதற்கும் உள்ளே ஒரே எலும்பு. தட்டு அடுக்கிலிருந்து புறப்பட்டு இந்த இடத்துக்கு வந்த எவரையும் நான் பார்த்ததில்லை.

டைக்ஸ்ட்ராவின் அசல் வேலையையும் அதே தடத்தில் ஓட்டிக் காட்டலாம். இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு. எண்கள் நேரே போகட்டும், குறிகள் டெட்-எண்டில் காத்திருக்கட்டும். இரண்டு போகிறது, கூட்டல் ஒதுங்குகிறது. மூன்று போகிறது. பெருக்கல் வருகிறது. அது கூட்டலைவிட மூத்தது, அதனால் கூட்டலை வெளியே தள்ளாமல் அதற்கு முன்னால் வாயில் நிற்கிறது. நான்கு போகிறது. வர வேண்டியவை தீர்ந்ததும் முதலில் பெருக்கல், பிறகு கூட்டல் வெளியேறுகின்றன. பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்று பள்ளியில் உருப்போட்ட விதி, ஒரு தடமும் ஒரு பாயிண்டும் மட்டுமே வைத்துத் தானாக நடந்துவிடுகிறது. கால்குலேட்டரில் விடை வருவது எப்படி என்று கேட்ட யாரிடமும் இதைச் சொல்லலாம், வட்டி கணக்கிடும் வயதுள்ள எவருக்கும் புரியும்.

ரயிலடியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க இன்னொரு காரணம், மற்ற கட்டமைப்புகளையும் அதே இடத்தில் நின்று சொல்லிவிட முடியும் என்பது. பெரும்பாலோர் ஸ்டாக்குக்குத் தட்டு, க்யூவுக்கு ரேஷன் கடை, லிங்க்டு லிஸ்ட்டுக்குப் புதையல் வேட்டை, ட்ரீக்கு வம்சாவளி என்று ஆளுக்கொரு ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள். கேட்பவர் ஒவ்வொன்றையும் தனியாகப் புரிந்துகொள்கிறார். ஆனால் ஒரே சரக்கை இதில் வைத்தால் என்ன லாபம், அதில் வைத்தால் என்ன நட்டம் என்ற ஒப்பீடு அவருக்குக் கிடைப்பதே இல்லை. தரவுக் கட்டமைப்பு என்ற துறையே அந்த ஒப்பீட்டின் மேல்தான் நிற்கிறது.

நடைமேடைக்கு வாருங்கள். ஐ.சி.எஃப். பெட்டி ஏறத்தாழ 22 மீட்டர் நீளம். எல்லாப் பெட்டியும் ஒரே நீளமாக இருந்தால் பத்தாவது பெட்டி எங்கே தொடங்கும் என்று நடந்து பார்க்க வேண்டாம். ஒன்பதை 22-ஆல் பெருக்கினால் 198 மீட்டர், அங்கே போய் நிற்கலாம். அரேயின் முழு சாமர்த்தியமும் இந்தப் பெருக்கல்தான். முதல் பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டிய தூரம் பூஜ்யம், அதனால்தான் பல கணினி மொழிகளில் அரேயின் எண் வரிசை பூஜ்யத்தில் தொடங்குகிறது. டைக்ஸ்ட்ரா 1982-இல் இந்தப் பூஜ்யத்துக்காகவே ஒரு குறிப்பு எழுதினார். அவர் வாதம் வேறு வழியில், எல்லைகளைக் குறிக்கும் முறை வழியாகப் போகிறது. அழகான வாதம்தான். புதிதாகக் கேட்பவருக்கு நடைமேடைதான் முந்திப் புரியும். நடுவே சுமார் இரண்டு மீட்டர் கூடுதல் நீளமுள்ள எல்.எச்.பி. வகைப் பெட்டியைச் செருகினால் கணக்குக் குலைந்துவிடும் என்பதையும் அங்கேயே காட்டலாம். ஒரே அளவுள்ளவை மட்டுமே அரேயில் ஏன் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

இப்போது அதே ரயிலைக் கப்ளிங் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தெரிந்தது அடுத்த பெட்டி மட்டும். நடுவில் ஒன்றைச் சேர்க்க ஒரு கப்ளிங்கைக் கழற்றி இரண்டை மாட்டினால் போதும், மற்றவை அப்படியே இருக்கும். ஆனால் பதினான்காவது பெட்டியைக் கண்டுபிடிக்க இஞ்சினிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி நடக்க வேண்டும். நடைமேடைக் கணக்கு ஒரு வசதி, கப்ளிங் இன்னொரு வசதி. இரண்டையும் ஒருசேர இலவசமாகத் தருபவர் யாருமில்லை. லிங்க்டு லிஸ்ட்டுக்கும் அரேக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நேர்மையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ட்ரீயை விளக்க வம்சாவளியை எடுப்பவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள் இருக்கலாம், அத்தை மகளைக் கட்டினால் கிளைகள் திரும்பச் சேர்ந்துவிடும். அதைவிட முக்கியம், வம்சாவளியில் யாரும் எதையும் தேடிப் போவதில்லை. யார்டில் தேடிப் போகிறார்கள். ஒரு தடம் பாயிண்டில் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. மூன்று பாயிண்டுகள் தாண்டினால் எட்டுத் தடங்களில் ஒன்றில் நிற்பீர்கள், பத்துத் தாண்டினால் 1,024-இல் ஒன்றில். இன்னொரு வகை யார்டும் உண்டு. ஒரே சாய்ந்த தடத்திலிருந்து பாயிண்டுக்கு ஒரு தடமாகப் பிரிந்துகொண்டே போகும். ரயில்வேயில் அதை லேடர் என்பார்கள். அதில் எட்டாவது தடத்தை அடைய ஏழு பாயிண்டுகளைக் கடக்க வேண்டும். இரண்டிலும் தடங்கள் எட்டுத்தான், நடை வேறு. பைனரி ட்ரீ ஒருபக்கமாகச் சாய்ந்தால் என்ன கெடுதல் என்பதைக் காட்ட இந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் போதும். 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் சாய்ந்த மரத்தைத் தானே நிமிர வைக்கும் முறையை ஏன் தேடினார்கள் என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஹாஷ் டேபிளுக்கும் வேகனே போதும். நம் சரக்கு வேகன் ஒவ்வொன்றுக்கும் 11 இலக்க எண். வகை, சொந்த ரயில்வே, தயாரித்த ஆண்டு, தனி எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். கடைசி இலக்கம் எதுவோ அந்தத் தடத்தில் வேகனை நிறுத்து என்று பத்துத் தடங்களுக்கு விதி செய்தால், வேகனைத் தேட எந்தப் பதிவேடும் வேண்டாம், எண்ணே இடத்தைச் சொல்லிவிடும். ஒரே இலக்கத்தில் இரண்டு வந்தால் பின்னால் கோர்த்துவிடலாம். அதே விதியை ஆண்டு இலக்கத்தின் மேல் வைத்தால், ஒரே வருடத்தில் வந்த வேகன்கள் எல்லாம் ஒரே தடத்தில் முட்டி நிற்கும், மற்ற தடங்கள் காலியாகக் கிடக்கும். நல்ல ஹாஷ், கெட்ட ஹாஷ் என்பது இவ்வளவுதான். இந்த யோசனையை 1953-இல் ஐ.பி.எம். குறிப்பொன்றில் எழுதிய ஹான்ஸ் பீட்டர் லூன்தான் கிரெடிட் கார்டு எண்ணின் சரிபார்ப்பு இலக்கத்துக்கான முறையையும் தந்தவர். எண்ணுக்குள் தகவல் ஒளிந்திருப்பதைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

முன்னுரிமை மிக்கதை முதலில் எடுத்துத் தரும் ஹீப் மட்டும் இந்த ஊருக்கு வர மறுக்கிறது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுக் கூட்ஸ் லூப் லைனில் காத்திருப்பதைக் காட்டி முன்னுரிமையைச் சொல்லலாம். ஆனால் 1964-இல் வில்லியம்ஸ் கண்ட அதன் உள்வடிவத்தை, பாதி மட்டும் ஒழுங்காக இருந்தே வேலையை முடிக்கும் அந்தச் சிக்கனத்தை, ரயிலடியில் தேடக் கூடாது. அதற்குத் தனி விளக்கம் இன்னும் வர வேண்டும்.

மாற்று ரசனைகளை நான் மறுக்கவில்லை. ருமேனியாவின் சபியென்சியா பல்கலைக்கழகத்தினர் 2011-இல் நாட்டுப்புற நடனத்தில் வரிசைப்படுத்தல் முறைகளை ஆடிக் காட்டினார்கள். எண் கட்டிக்கொண்டு ஆட்டக்காரர்கள் இடம் மாறுவதைப் பார்ப்பது ஆனந்தம். ஆனால் அது செய்முறையின் கலை, கட்டமைப்பு அங்கே வெறும் மேடை. சிங்கப்பூரில் ஸ்டீவன் ஹாலிம் தொடங்கிய விசுவால்கோ எதையும் அசைத்துக் காட்டும். பார்த்தவர் புரிந்ததாக நினைப்பார், பெட்டியைத் தானே தள்ளிப் பார்த்தவர் மறக்க மாட்டார். நம் ஊர்க்காரர்கள் கோலத்தை எடுப்பார்கள். அதற்குப் பெரிய பரம்பரை உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் அரே இலக்கணங்களையும் கோலத்தையும் இணைத்து எழுதிய கட்டுரையை உலகம் படித்தது. புள்ளிக் கோலம் இரு பரிமாண அரேக்கு ஈடில்லாத முகம். அதை ஸ்டாக்குக்கும் ஹாஷுக்கும் இழுக்கும்போதுதான் எனக்குச் சங்கடம்.

சுஜாதாவைப் படித்து வளர்ந்த தலைமுறை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலைபார்த்த அவர் 'ஏன் எதற்கு எப்படி' என்று வாசகரின் கேள்விக்கு வாரந்தோறும் பதில் எழுதினார். வாசகர் முட்டாள் இல்லை என்ற நம்பிக்கை அவர் வரிகளில் இருந்தது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழும் அதன் 'எளிய தமிழில்' நூல்களும் அந்த நம்பிக்கையை வேறு வழியில் காப்பாற்றி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவே வைத்தன.

இப்போது கேட்கும் விளக்கங்களில் அந்த நம்பிக்கை குறைந்துவருகிறது. பயிற்சி வகுப்புகளில் ஸ்டாக்கென்றால் LIFO என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு நேரே நிரல், பிறகு நேர்முகத் தேர்வில் கேட்கும் ஐம்பது கேள்விகள். பிள்ளைகள் விடையைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். ஒற்றைத் தடத்தில் மூன்று, ஒன்று, இரண்டு ஏன் வராது என்று கேட்டால் விழிக்கிறார்கள். எதை எடுத்தால் எது தள்ளிப்போகும், எவ்வளவு நடக்க வேண்டும் என்ற விலைப் பேச்சே வகுப்பிலிருந்து கழன்றுவிட்டது. விலை சொல்லாத விளக்கம் சரக்கைப் பற்றிய விளக்கமே இல்லை.

1964-இல் வந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்று லேத் பட்டறைக்குப் பக்கத்துச் சுவரில் ஐ.டி. பார்க் நிற்கிறது. ஒரே வீட்டில் அப்பா பட்டறைக்கும் மகள் ஐ.டி. பார்க்குக்கும் எம்.டி.எச். சாலையில் பஸ் ஏறுகிறார்கள். "அங்க என்னம்மா பண்ற?" என்ற கேள்விக்கு "சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா" என்ற பதிலைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். பட்டறையில் எந்த வேலையை எந்த வரிசையில் ஏற்றினால் எத்தனை முறை செட்டிங் மாற்ற வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டவருக்கு ஸ்டாக் புரியாதா?

ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் ஒரு நேர்த்தடமும் ஒரு டெட்-எண்டும் வரையுங்கள். மூன்றில் தொடங்கி நான்கு பெட்டிக்குப் போங்கள். இருபத்துநான்கில் பதினான்குதான் வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். வராத பத்தையும் உங்கள் அப்பாவே கண்டுபிடிக்கட்டும்.